பயோ வாஷ் பனியனும் பூகன்வில் கூடாரமும்: பூஞ்சை பருத்தியைச் சர்க்கரையாக்குவது எப்படி?

கேள்வி | 11 பிப்ரவரி 2024, காலை 10.15

புதிதாக ஒரு டி-ஷர்ட் வாங்கினேன். லேபிளில் 'பயோ வாஷ்' என்று போட்டிருக்கிறது. காளானிலிருந்து எடுத்த மருந்தில் துவைத்தது, பிசிறு வராது என்கிறார் கடைக்காரர். என் மகனோ பூஞ்சை பருத்தியைத் தின்று சர்க்கரையாக்கிவிடும், அதைத்தான் சொல்கிறார்கள் என்கிறான். பருத்தியில் ஏது சர்க்கரை? வெறும் விளம்பரம் என்றுதான் எனக்குப் படுகிறது. நிஜமாகவே அப்படி ஆகுமென்றால் வைக்கோலையெல்லாம் சர்க்கரையாக்கிவிடலாமே, எதற்கு வயலில் போட்டு எரிக்கிறார்கள்?

11 பிப்ரவரி 2024, இரவு 9.40

மகன் சொன்னதுதான் சரி. திருப்பூரில் ஒரு பிராசஸிங் யூனிட்டின் லேபில் பல வருடம் இந்த வேலையைத்தான் பார்த்தேன்.

பருத்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் செல்லுலோஸ். குளுக்கோஸ் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலிதான் செல்லுலோஸ். பருத்தியில் ஒரு சங்கிலிக்குப் பத்தாயிரம் குளுக்கோஸ் வரை இருக்கும். நாம் சாப்பிடும் சோற்றிலும் குளுக்கோஸ் சங்கிலிதான், அதற்கு ஸ்டார்ச் என்று பெயர். மணி ஒன்றே, கோத்த விதம்தான் வேறு. ஸ்டார்ச்சில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருப்பதால் சங்கிலி சுருள்கிறது, தண்ணீர் உள்ளே போகிறது, நம் எச்சிலே அதை அறுத்துவிடும். செல்லுலோஸில் ஒரு மணி இப்படி, அடுத்த மணி கவிழ்த்து என்று மாற்றி மாற்றிக் கோத்திருக்கும். அதனால் சங்கிலி நேராக, தட்டையாக நிற்கும். பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நடுவில் தண்ணீர்கூட நுழைய இடமில்லாமல் படிகமாக இறுகிவிடும்.

இதைப் பிரிக்க பூஞ்சை மூன்று வகை நொதிகளை வெளியே விடுகிறது. ஒன்று சங்கிலியை நடுவில் வெட்டும். இரண்டாவது, வெட்டிய நுனியைப் பிடித்து இரண்டிரண்டு மணியாக உருவிக்கொண்டே போகும். அந்த இரட்டை மணிக்கு செல்லோபயோஸ் என்று பெயர். மூன்றாவது, இரட்டையை ஒற்றை குளுக்கோஸாகப் பிரிக்கும். பூஞ்சை அதைத்தான் உறிஞ்சிக் கொள்கிறது. நமக்கு வயிறு உள்ளே இருக்கிறது, பூஞ்சைக்கு வெளியே. சாப்பாட்டின் மேலேயே உட்கார்ந்து அங்கேயே செரிக்க வைத்துவிட்டு அப்புறம் குடிக்கிறது.

வைக்கோல் தனிக் கதை. நாளைக்கு எழுதுகிறேன்.

12 பிப்ரவரி 2024, காலை 7.05

வைக்கோலுக்கு முன்னால் பயோ வாஷையே முடித்துவிடுகிறேன்.

பின்னலாடைத் துணியின் மேல் நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நார் முனைகளை நாங்கள் பிசிறு என்போம். நாலு துவையலில் அது உருண்டு திரண்டு குட்டிக் குட்டி உருண்டையாகிவிடும். அதை எடுக்கத்தான் என்சைம், நேற்று நொதி என்று எழுதினேனே, அதேதான். மெஷினில் துணியைப் போட்டு, அசிட்டிக் ஆசிட் விட்டு பிஹெச் ஐந்துக்குப் பக்கம் கொண்டுவந்து, சூட்டை 50, 55 டிகிரியில் நிறுத்தி, என்சைம் விட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓட்டுவோம். முடிந்ததும் 80 டிகிரிக்கு ஏற்றியோ சோடா ஆஷ் போட்டோ என்சைமைக் கொல்ல வேண்டும். துணி எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை குறையும்.

பிசிறு மட்டும் போய் துணி எப்படித் தப்பிக்கிறது என்று புது ஆட்கள் எல்லாரும் கேட்பார்கள். நொதி ஒரு பெரிய புரத மூலக்கூறு. நாரின் படிகத்துக்குள் அதனால் நுழைய முடியாது, மேற்பரப்பில்தான் வேலை செய்யும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சுற்றிலும் தாக்குகிறது, நூலுக்குள் முறுக்கிக் கிடக்கும் நாரை அப்படித் தாக்க முடிவதில்லை. அதோடு பிசிறை நொதி முழுதாகக் கரைப்பதும் இல்லை. அதன் அடியை நைய வைக்கிறது. மெஷினில் துணியோடு துணி உரசும்போது நைந்தது ஒடிந்து உதிர்கிறது. அசையாத தொட்டியில் ஊற வைத்தால் பயோ வாஷ் ஆகாது.

பாலியஸ்டரை இது தொடவே தொடாது. விஸ்கோஸ் துணியில் படிக இறுக்கம் குறைவு என்பதால் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், சீக்கிரம் பலம் போய்விடும்.

12 பிப்ரவரி 2024, மாலை 6.30

"கொல்ல வேண்டும்" என்று எழுதியதைப் படித்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இல்லை. நொதி புரதம்தான், பூஞ்சை கிடையாது. சூட்டில் முட்டை வெள்ளைக்கரு இறுகுவதுபோல அதன் வடிவம் குலைந்துவிடும், அத்தோடு வேலை நின்றுவிடும். ஷாப் ஃப்ளோரில் எல்லாரும் கொல்வது என்றே சொல்வோம்.

14 பிப்ரவரி 2024, இரவு 10.20

கொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்கள். இரவு ஷிப்டில் நேவி கலர் சிங்கிள் ஜெர்சி லாட் ஒன்று என்சைம் பாத்தில், அதாவது என்சைம் கலந்த தண்ணீரில், ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. துணி மெஷினுக்குள்ளேயே சூட்டோடு நின்றுவிட்டது. காலை ஏழு மணிக்குத்தான் திறந்தார்கள். பார்வைக்கு அருமையான துணி. பிசிறே இல்லை, கண்ணாடி மாதிரி. ஈரத்துணியை இரண்டு கையால் இழுத்துப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் மறுபக்கம் வந்துவிட்டது. சத்தமே இல்லை. ஈரக் காகிதத்தில் விரல் போவதுபோல அவ்வளவு மெத்தென்று போனது. அந்த உணர்வு இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் நொதி தீர்ந்து போகிற பொருள் இல்லை என்பதை நிஜமாகப் புரிந்துகொண்டேன். காரத்தை முறிக்கும் ஆசிட் அந்த வேலையைச் செய்ததும் செலவாகிவிடும். நொதி ஒரு இடத்தில் வெட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகரும். எட்டு மணி நேரம் கொடுத்தால் எட்டு மணி நேரமும் வெட்டும்.

15 பிப்ரவரி 2024, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எட்டு மணி நேரமும் ஒரே வேகத்தில் வெட்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேகம் குறைந்துகொண்டே வரும். பாத் ஆறிக்கொண்டு வந்தது ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணங்களும் உண்டு. அதற்குத் தனியாக எழுத வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியே அதுதான்.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு மதியம்

இந்த நொதி மனிதன் கைக்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு அங்கே போகிறேன்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படை தென் பசிபிக் தீவுகளில் இருந்தது. மழையும் புழுக்கமும் தீராத இடம். பருத்திக் கூடாரம், சீருடை, பெல்ட், தோட்டா வார் எல்லாம் இற்றுப்போய்க்கொண்டே இருந்தன. எது தின்கிறது என்று பார்க்க, இற்ற துணிகளிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்து ஆயிரக்கணக்கில் சேகரித்தார்கள். சாலமன் தீவுக்கூட்டத்தில் உள்ள பூகன்வில் தீவில், மக்கிய பருத்திக் கூடாரத்திலிருந்து பிரித்த ஒன்றுக்கு க்யூஎம்6ஏ என்று எண் கொடுத்தார்கள். க்யூஎம் என்பது படையின் பண்டசாலைப் பிரிவான குவார்ட்டர்மாஸ்டரின் சுருக்கம். அதை ஆராய்ந்தவர்கள் எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் இருவரும், பின்னாளில் மாசசூசெட்ஸில் உள்ள நேட்டிக் ஆய்வகத்தில்.

முதலில் தேடியது துணியைக் காப்பாற்ற. 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் கேள்வி தலைகீழாகத் திரும்பியது. இவ்வளவு நன்றாகத் தின்கிறதே, காகிதக் குப்பையைக் கொடுத்து சர்க்கரை வாங்கலாமா என்று யோசித்தார்கள். கதிர்வீச்சு, ரசாயனம் என்று கொடுத்து, நொதியை அதிகமாகச் சுரக்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ரட்-சி30 அதில் பேர்போனது.

இன்று உலகத்தில் தொழிலுக்குப் பயன்படும் டிரைக்கோடெர்மா ரீசி (இந்தப் பூஞ்சையின் இன்றைய பெயர்) வகைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே கூடாரத்துப் பூஞ்சையின் வம்சம். ஒரு கேன் பயோ வாஷ் என்சைமைத் திறக்கும்போது லேசாகப் புளித்த மாவு வாசனை அடிக்கும். இந்தக் கதையைப் படித்த பிறகு அந்த வாசனை வரும்போதெல்லாம் எனக்கு மழையில் நனைந்த கூடாரம்தான் ஞாபகம் வரும்.

உரக்கடையில் விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மா விரிடி பவுடர் விற்கிறார்களே, அதுவும் இதுதான்.

19 பிப்ரவரி 2024, காலை 7.30

கடைசி வரி தவறு, வேளாண்மை படித்த நண்பர் பிடித்துவிட்டார். அது இதே பூஞ்சை இல்லை, உறவுக்காரன். குழப்பத்துக்குக் காரணம் உண்டு. க்யூஎம்6ஏவையே ஆரம்பத்தில் விரிடி என்றுதான் எழுதினார்கள். 1977இல்தான் அது வேறு இனம் என்று பிரித்து, ரீஸ் பெயரால் ரீசி என்று வைத்தார்கள். நான் படித்த பழைய கட்டுரைகளில் எல்லாம் விரிடிதான். உரக்கடைப் பவுடரின் வேலையும் வேறு. வேரழுகல் கொண்டுவரும் மற்ற பூஞ்சைகளின் மேல் படர்ந்து, அவற்றின் செல்சுவரைக் கரைக்கும் நொதிகளை விட்டு அவற்றைத் தின்கிறது.

21 பிப்ரவரி 2024, இரவு 11.00

வேகம் ஏன் குறைகிறது என்பதற்கு வருகிறேன்.

வெட்டுவதுதான் கஷ்டம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்தப் பிணைப்பு கெட்டிதான். நொதி இல்லாமல் வெறும் தண்ணீரில், சாதாரண வெப்பத்தில் விட்டால் பாதிப் பிணைப்புகள் அறுபட ஏறத்தாழ 50 லட்சம் வருடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் சங்கிலி நொதியின் வாய்க்குள் வந்துவிட்டால் அறுபட நொடிப்பொழுது போதும். அதை வாய்க்குள் கொண்டுவருவதுதான் பாடு.

மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கியவர்களுக்கு இது உடனே புரியும். போர் போட்டு ஆறு மாதம் அமுங்கிய வைக்கோலில் ஒரு தாளை முழுசாக உருவிப் பாருங்கள். கையில் இருக்கும் தாளை அரிவாளால் அறுப்பது ஒரு வேலையா? போரிலிருந்து உருவுவதுதானே வேலை.

உருவும் நொதிகளில் முக்கியமானதற்கு செல்7ஏ என்று பெயர். ரீசி சுரப்பதில் பெரும்பங்கு இதுதான். இதன் உருவத்தை 1994இல் ஸ்வீடனின் உப்சாலாவில் கண்டுபிடித்தார்கள். படத்தைப் பார்த்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. தலைப்பகுதியின் குறுக்கே ஒரு சுரங்கம், ஏறத்தாழ 5 நானோமீட்டர் நீளம். சங்கிலி ஒரு வாயில் நுழைந்து உள்ளே ஓடும். மறுவாய்க்குப் பக்கத்தில் வெட்டும் இடம். இரண்டிரண்டு மணியாக அறுந்து விழும். தலையிலிருந்து ஒரு நீண்ட கழுத்து, அதன் முனையில் சின்னதாக ஒரு பாதம், வெறும் 36 அமினோ அமிலம். பாதத்தின் ஒரு பக்கம் தட்டை. அந்தத் தட்டையில் வரிசையாக மூன்று டைரோசின் வளையங்கள். அவை செல்லுலோஸின் தட்டை முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பாதத்தை ஊன்றிக்கொண்டு, தலையால் ஒரு சங்கிலியைப் படிகத்திலிருந்து மேலே தூக்கி, சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டே போகிறது.

போவதை நேரில் படம் பிடித்தும் விட்டார்கள். டோக்கியோ பல்கலைக்கழகமும் கனசாவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011இல் வெளியிட்டார்கள். அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் எடுத்த அசையும் படம். செல்லுலோஸ் நாரின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரே திசையில் ஊர்கின்றன, நொடிக்கு ஏறத்தாழ 7 நானோமீட்டர். இரட்டை மணி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அப்படியென்றால் நொடிக்கு ஏழு வெட்டு. இந்த வேகத்தில் நிற்காமல் போனாலும் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் பதினாறு நாள் ஆகும்.

ஆனால் நிற்காமல் போக முடிவதில்லை. முன்னால் போகும் ஒன்று மேடு பள்ளத்தில் சிக்கி நின்றால் பின்னால் வருவதெல்லாம் வரிசையாக நிற்கிறது. ஷிப்ட் விடும் நேரத்து அவிநாசி ரோடு அப்படியே. சங்கிலி வாய்க்குள் மாட்டியிருப்பதால் சட்டென்று விட்டுவிட்டு வேறு பாதைக்குப் போகவும் முடியாது. எதிர்முனையிலிருந்து உருவும் செல்6ஏ என்ற இன்னொரு நொதியைச் சேர்த்தபோது நெரிசல் குறைந்து நார் வேகமாகக் கரைந்தது. என்சைமை இரண்டு மடங்கு விட்டால் வேலை இரண்டு மடங்கு ஆகாது என்று எங்கள் மெஷின்காரர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காரணத்தைக் கண்ணால் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

22 பிப்ரவரி 2024, காலை

வேகம் குறைய இன்னொரு காரணமும் உண்டு, நேற்று விட்டுவிட்டேன். அறுந்து விழும் செல்லோபயோஸே நொதியின் வாயை அடைக்கும். அதனால்தான் மூன்றாவது நொதி தேவைப்படுகிறது. பீட்டா குளுக்கோசிடேஸ் அதன் பெயர். செல்லோபயோஸைப் பிரித்து வழியைத் திறந்துவிடும். ரீசி இதை மட்டும் கொஞ்சமாகத்தான் வெளியே விடுகிறது. சர்க்கரை எடுக்க நினைப்பவர்கள் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சையின் பீட்டா குளுக்கோசிடேஸைத் தனியாகக் கலப்பார்கள். எங்களுக்குச் சர்க்கரை வேண்டாம், பிசிறு போனால் போதும். அதனால் கலப்பதில்லை.

25 பிப்ரவரி 2024, ஞாயிறு

கேட்டவருக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை போல. துணி நைந்தது என்பது சரி, சர்க்கரை வந்தது என்பதற்கு என்ன சாட்சி என்கிறார். நல்ல கேள்வி.

நான் லேபில் செய்து பார்த்தது இது. சாயம் குறுக்கே வரக்கூடாது என்று வெள்ளைத் துணி லாட்டின் பயோ பாத்தை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சிறுநீரில் சர்க்கரை பார்க்கச் சொல்லித் தந்தார்களே, அதே பெனடிக்ட் கரைசல். டியூபில் நீலக் கரைசலை எடுத்து, பாத் தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டு, கொதிக்கும் தண்ணீரில் நிறுத்தினேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் அடியில் நீலம் கலங்கிப் பச்சையானது, பச்சை மஞ்சளானது, ஐந்தாவது நிமிடம் செங்கல் பொடி மாதிரி அடியில் படிந்தது. பத்தாம் வகுப்பில் பார்த்த நிறம்தான். ஆனால் இது பனியன் துணியிலிருந்து வந்தது. டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

26 பிப்ரவரி 2024, இரவு 8.15

என்சைம் திரவத்திலேயே ஏதாவது சர்க்கரை கலந்திருக்கலாமே, துணியில் இருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கேட்டவர் மகன்தான் கேட்டது, ஒன்பதாம் வகுப்பாம். இந்தப் பிள்ளை நன்றாக வருவான்.

துணி இல்லாமல், அதே என்சைம், அதே பிஹெச், அதே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்த தண்ணீரிலும் செய்தேன் தம்பி. லேசாகப் பச்சை தட்டியது, அத்தோடு நின்றுவிட்டது. செங்கல் நிறம் துணி இருந்த டியூபில் மட்டும்தான். இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாமல் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

முறையாக அளப்பதற்கும் வழி உண்டு. வாட்மேன் முதல் எண் வடிகாகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு, எடை 50 மில்லிகிராம். சுருட்டி டியூபில் போட்டு நொதியோடு 50 டிகிரியில் ஒரு மணி நேரம். அதிலிருந்து 2 மில்லிகிராம் குளுக்கோஸ் வர எவ்வளவு நொதி தேவை என்று பார்த்து அதன் பலத்தைக் கணக்கிடுவார்கள். மேண்டல்ஸ் குழு 1976இல் கொண்டுவந்த முறை. 1987இல் டெல்லி ஐஐடியின் கோஷ் அதை உலகப் பொது முறையாகத் தொகுத்து வெளியிட்டார். நூற்றில் நாலு பங்கு வந்தாலே போதும் என்று வைத்திருப்பதைக் கவனியுங்கள். எளிதாகக் கிடைப்பது முதலில் போய்விடும், மிச்சம் மேலும் மேலும் அடம் பிடிக்கும்.

3 மார்ச் 2024, ஞாயிறு

வைக்கோலுக்கு வந்துவிட்டேன், மூன்று வாரம் கழித்து.

பருத்தி கிட்டத்தட்ட சுத்தச் செல்லுலோஸ். வைக்கோல் அப்படி இல்லை. செல்லுலோஸ் இழைகளைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், அதற்கு மேல் லிக்னின் என்னும் பிசின், போதாததற்கு நெல் வைக்கோலில் மணல் சத்தான சிலிக்கா வேறு. கம்பியைச் சுற்றி கான்கிரீட் ஊற்றியது போல. ரீசியின் நொதிகளை அப்படியே விட்டால் பெரிதாக எதுவும் நடக்காது. முதலில் நீராவி, ஆசிட் என்று கொடுத்து அந்தப் பூச்சை உடைக்க வேண்டும். அப்புறம் நொதி, அப்புறம் ஈஸ்ட் போட்டு எத்தனால். ஒவ்வொன்றும் செலவு.

ஆனாலும் செய்கிறார்கள். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு ஆலை கட்டி, 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். வருடத்துக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோல், அதிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். வயலில் எரிக்கும் ஊர்களுக்குப் பக்கத்திலேயே வைத்ததுதான் இதில் நல்ல விஷயம், வைக்கோலை ரொம்ப தூரம் சுமந்து போனால் கட்டுப்படியாகாது.

செலவில்லாமல் செய்பவர்களும் உண்டு. சிப்பிக்காளான் வளர்க்கும் வீடுகளில் வைக்கோலை ஊற வைத்து, வேக வைத்து, பையில் அடைக்கிறார்களே, அந்தக் காளான் லிக்னினையும் உடைக்கும் ஜாதி. சர்க்கரையை நமக்குத் தராமல் தானே தின்று காளானாக நீட்டுகிறது.

4 மார்ச் 2024

மாடு? வைக்கோலைச் செரிப்பது மாடு இல்லை, அதன் முதல் வயிற்றில் இருக்கும் கிருமிகள். பாக்டீரியா மட்டும் என்று நினைத்திருந்தார்கள். 1975இல் காலின் ஆர்ப்பின் என்பவர் ஆட்டின் வயிற்றில் வால் வைத்து நீந்தும் ஒன்றைப் பார்த்து, அது பூஞ்சை என்றார். காற்றே இல்லாத இடத்தில் பூஞ்சை எப்படி வாழும் என்று ரொம்பப் பேர் நம்பவில்லை. அவர் சொன்னதுதான் நின்றது. இந்தப் பூஞ்சைகள் வைக்கோல் துணுக்குக்குள் வேர் மாதிரி இறங்கி அதைப் பிளக்கின்றன. அசைபோட்டு அரைப்பது மாட்டின் வேலை. எங்கள் மெஷினில் துணி உரசுவதைப் போலத்தான்.

10 மார்ச் 2024, இரவு

முதல் நாள் மூன்று நொதி என்று எழுதினேன். அதைத் திருத்த வேண்டும், இந்தத் திருத்தம் எனக்கு முக்கியம்.

ரீஸ் 1950லேயே ஒன்று சொன்னார். கூடாரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சைகளால் படிகச் செல்லுலோஸை உடைக்க முடிகிறது. வேறு பல பூஞ்சைகளால் ஏற்கெனவே தளர்ந்த செல்லுலோஸைத்தான் உடைக்க முடிகிறது. ஆகவே வெட்டுவதற்கு முன்னால் படிகத்தைத் தளர்த்திக் கொடுக்கும் ஏதோ ஒன்று தனியாக இருக்க வேண்டும். அதற்கு சி1 என்று பெயர் வைத்தார். பல வருடம் தேடினார்கள். உருவும் நொதிகள் கிடைத்ததும், சி1 என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் கூட்டு வேலைதான் என்று முடிவுக்கு வந்தார்கள். எனக்குக் கல்லூரியில் சொல்லித் தந்ததும் அதுதான். 'காலாவதியான கருத்து' என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன்.

2010இல் நார்வேயில் ஒரு குழு இறால் ஓட்டின் கைட்டினைப் பிரிக்கும் புரதம் ஒன்றை ஆராய்ந்தது. அது தண்ணீரைக் கொண்டு வெட்டவில்லை. ஆக்சிஜனைக் கொண்டு, சங்கிலி படிகத்தில் படுத்திருக்கும்போதே அதைக் கீறுகிறது. அடுத்த வருடமே, செல்லுலோஸில் இதே வேலையைச் செய்யும் புரதங்கள் பூஞ்சைகளிடம் இருப்பது உறுதியானது. எல்பிஎம்ஓ என்று அழைக்கிறார்கள். நடுவில் ஒற்றைச் செம்பு அணு. சுரங்கம் கிடையாது, தட்டையான முகம். படிகத்தின் மேல் அப்படியே உட்கார்ந்து கீறிவிடும். கீறிய இடத்தில் புது நுனிகள், உருவும் நொதிகளுக்குப் பிடி கிடைக்கிறது. போரில் கொக்கியை விட்டு இழுத்துத் தளர்த்திக் கொடுப்பது போல. வைக்கோல் எத்தனாலுக்கு வரும் நொதிக் கலவைகளில் இப்போது இதுவும் சேர்த்திதான்.

ரீஸ் நினைத்தது அப்படியே இதுதான் என்று சொல்ல மாட்டேன். வெட்டாமல் தளர்த்தும் ஒன்றை அவர் நினைத்தார், இது கீறித் தளர்த்துகிறது. ஆனால் தளர்த்துவது தனி வேலை என்று அறுபது வருடம் முன்பே கண்டுகொண்டார், இற்ற கூடாரத் துணியை மட்டும் வைத்துக்கொண்டு. அந்தப் பழைய நோட்டை எடுத்து அடிக்கோட்டை அடித்துவிட்டேன்.

11 மார்ச் 2024, காலை

தம்பியின் அடுத்த கேள்வி. செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, பூஞ்சையின் உள்ளேயும் போகாது. அப்படியிருக்க அது பக்கத்தில் இருப்பது பூஞ்சைக்கு எப்படித் தெரியும்?

எப்போதும் கொஞ்சம் நொதியை வெளியே விட்டு வைத்திருக்கும். செல்லுலோஸ் மேல் பட்டால் செல்லோபயோஸ் வரும். அதில் கொஞ்சம் சோஃபரோஸ் என்ற வேறு வடிவச் சர்க்கரையாக மாறும். துளி சோஃபரோஸ் உள்ளே போனால் போதும், நொதிச் சுரப்பு முழு வீச்சில் தொடங்கிவிடும். அதன் தூண்டும் குணத்தைக் கண்டதும் மேண்டல்ஸ், ரீஸ் குழுதான், 1962இல். குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் சுரப்பு நின்றுவிடும், தேவையில்லாமல் புரதத்தை வீணாக்காது. நான் சொன்ன ரட்-சி30இல் அந்த நிறுத்தும் மரபணு உடைந்திருக்கிறது. அதனால்தான் அது அவ்வளவு சுரக்கிறது.

17 மார்ச் 2024, ஞாயிறு

தம்பிக்காக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மார்ச் 10 அன்று 2 கிராம் வெள்ளைப் பஞ்சை பிஹெச் 5 தண்ணீரில் நனைத்து, என்சைம் விட்டு, கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் ஓம உப்பு போட்டு, மூடி, 50 டிகிரி அடுப்பில் வைத்தேன். தினம் இரண்டு தடவை கையால் ஆட்டுவது.

முதல் நாள் பஞ்சு பஞ்சாகவே இருந்தது. மூன்றாம் நாள் ஆட்டியபோது இழை இழையாகப் பிரிந்து கஞ்சி மாதிரி ஆனது. ஐந்தாம் நாளுக்கு அப்புறம் மாற்றமே இல்லை. செல்லோபயோஸ் சேர்ந்து வாயை அடைத்திருக்கும் என்று நினைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, புதுத் தண்ணீரும் புது என்சைமும் விட்டேன். மறுநாளே மறுபடி இளகத் தொடங்கிவிட்டது. வடித்த தண்ணீரை பெனடிக்டில் பார்த்தேன். இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, செங்கல் நிறம்.

31 மார்ச் 2024, இரவு 9.10

பஞ்சு என்று சொல்ல இப்போது எதுவும் இல்லை. அடியில் மாவு மாதிரி வெள்ளைப் படிவு. விரலில் தேய்த்தால் கோலமாவு போல நெறுநெறு என்கிறது. வடிகட்டிக் காயவைத்து எடை போட்டேன், 0.4 கிராம். புது என்சைம் விட்டு மறுபடி அடுப்பில் வைத்திருக்கிறேன்.